பெயரில்லாத செங்கல், பெயர் சுமக்கும் ஓடு

சிராங்கூன் சாலை வட்டாரத்தைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்று அழைத்த தலைமுறை ஒன்று இருந்தது. வீரமாகாளியம்மன் கோயிலும் அவர்கள் வாயில் ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்’தான். அந்தத் தமிழ்ப் பெயர் இன்று பேச்சில் இல்லை. மலாயில் அதே பொருள் தரும் ‘கம்போங் காப்பூர்’ மட்டும் சாலைப் பலகையில் எஞ்சியிருக்கிறது.

லிட்டில் இந்தியா என்று இப்போது அறியப்படும் இவ்வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புக் குழிகளும் செங்கல் சூளைகளும் இருந்தன. நகரத்தின் கட்டடங்களுக்கு வேண்டிய கல்லும் காரையும் இங்கிருந்து போயின. கல் அறுத்து, சூளை வைத்து, சுண்ணாம்பு அரைத்தவர்களில் பெரும்பாலோர் கடல் கடந்து வந்த இந்தியர்கள். அவர்கள் எழுப்பிய கட்டடங்கள் சில இன்றும் நிற்கின்றன. அவர்களின் பெயர்களைச் சொல்வார்தான் இல்லை.

புலம்பெயர்ந்து வந்தோரை நினைவுகூர உலகின் பல ஊர்களில் சிற்பிகள் சுட்ட மண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். களிமண்ணைப் பலகையாகத் தட்டி, உருவமும் எழுத்தும் செதுக்கி, சூளையில் சுட்டுச் சுவரில் பதிக்கும் நினைவு ஓடு அது. வெண்கலச் சிலையைவிட எளிமையானது; செலவும் குறைவு. சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றைப் பொறுத்தவரை, அந்த மண்ணுக்குத் தனிப் பொருத்தமும் உண்டு.

பானை ஓட்டில் பழந்தமிழ்ப் பெயர்கள்

தமிழில் ‘ஓடு’ என்ற ஒரே சொல் உடைந்த பானைத் துண்டையும் குறிக்கும், கூரையில் வேய்வதையும் குறிக்கும், தரையில் பதிப்பதையும் குறிக்கும். மூன்றும் சுட்ட மண். தமிழர்களின் மிகப் பழைய கையெழுத்துகளில் பல கிடைத்திருப்பதும் இந்த ஓடுகளில்தான்.

கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. அவை கல்வெட்டில் மன்னர்கள் வெட்டுவித்த பெயர்கள் அல்ல. தங்கள் பானை எது என்று தெரிவதற்காக வீட்டு மனிதர்கள் கீறிக்கொண்டவை.

கடல் கடந்த தமிழர்களின் தடமும் அப்படியே. எகிப்தின் செங்கடல் கரையில் உள்ள குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தில் கண்ணன், சாத்தன் என்ற பெயர்கள் எழுதிய பானை ஓடுகள் கிடைத்தன. அவை கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. தாய்லாந்தின் பூ காவ் தோங் என்ற இடத்திலும் தமிழ்-பிராமி எழுத்துள்ள ஓடு கண்டெடுக்கப்பட்டது.

மரக்கலம் மட்கிப் போனது, துணி மட்கிப் போனது, ஓலை மட்கிப் போனது. சுட்ட மண் மட்டும் இரண்டாயிரம் ஆண்டுகள் தாங்கி, அதைக் கொண்டுபோன சாதாரண மனிதனின் பெயரை நம்மிடம் சேர்த்திருக்கிறது. நினைவு ஓட்டின் வலிமை இதில்தான் இருக்கிறது.

நாராயண பிள்ளையின் சூளை

1819 மே மாத இறுதியில் ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூர் வந்தபோது, பினாங்கிலிருந்து ‘இந்தியானா’ கப்பலில் உடன் வந்தவர் நாராயண பிள்ளை. முதலில் கருவூலத்தில் நாணயங்களைச் சோதிக்கும் வேலை பார்த்தார். ஊர் வளரப்போகிறது, வீடு கட்டக் கல் வேண்டும் என்பதைக் கண்டுகொண்ட அவர், தஞ்சோங் பகார் பகுதியில் செங்கல் சூளை தொடங்கினார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரராக அறியப்படுபவர் அவர்தான்.

கொத்தனார்களையும் தச்சர்களையும் துணி வணிகர்களையும் அனுப்பி வைக்கும்படி பினாங்கில் உள்ள தம் தொடர்புகளுக்குச் சொல்லி அனுப்பினார். ஒருவர் வந்து காலூன்றி, ஊராரையும் தொழில் தெரிந்தவர்களையும் அழைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே செங்கல்லோடு தொடங்கியது எனலாம்.

அவர் முன்னின்று அமைத்த சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1827இல் மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆனதாகவே இருந்தது. இன்றுள்ள செங்கல் கட்டடத்தின் மிகப் பழைய பகுதிகள் 1843ஐச் சேர்ந்தவை. 1973இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

2019இல் நவீன சிங்கப்பூரின் 200ஆம் ஆண்டை ஒட்டி, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலைக்கு அருகே சாங் நீல உத்தமா, டான் டோக் செங், முன்ஷி அப்துல்லா ஆகியோரின் சிலைகளுடன் நாராயண பிள்ளையின் சிலையும் வைக்கப்பட்டது. சமூகம் மகிழ்ந்த தருணம் அது. சூளை முதலாளிக்குச் சிலை கிடைத்தது. சூளையில் நின்றவர்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கைதிகள் சுட்ட கல்

1824 ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கையின்படி சுமத்ராவின் பென்கூலன் டச்சுக்காரர்கள் வசமானது. அங்கு நாடு கடத்தப்பட்டிருந்த இந்தியக் கைதிகளை ஆங்கிலேயர் சிங்கப்பூருக்கு மாற்றினர். 1825 ஏப்ரல் 18ஆம் தேதி, மதராஸ் மாநிலத்தைச் சேர்ந்த 80 கைதிகள் வந்திறங்கினர். ஒரு வாரத்தில் வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தனர். அடுத்து வந்த ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து நேரடியாகவே கைதிகள் அனுப்பப்பட்டனர்.

சாலை போட்டவர்கள், சதுப்பு நிலத்தைத் தூர்த்தவர்கள், கல் உடைத்தவர்கள் இவர்களே. பிராஸ் பாசா பகுதியில் இருந்த சிறையில் தச்சு, கொல்லு, கொத்து வேலைகள் கற்றுத்தரப்பட்டன. நல்ல நடத்தை உள்ள கைதிகளே மற்றக் கைதிகளுக்குக் காவலர்களாயினர். அவர்களுக்குத் ‘தண்டல்’ போன்ற பதவிப் பெயர்கள் இருந்தன. பிற்காலத்தில் தோட்டப்புறங்களில் மேற்பார்வையாளரைக் குறிக்க நம்மவர்கள் பயன்படுத்திய அதே சொல்தான்.

1858இல் சிராங்கூன் சாலைப் பகுதியில் அரசாங்கச் செங்கல் சூளைகள் அமைக்கப்பட்டன. கைதிகள் அறுத்துச் சுட்ட செங்கல் 1867 ஆக்ரா கண்காட்சியில் பதக்கம் வென்றது. இந்தியாவிலிருந்து தண்டனையாகக் கடல் கடத்தப்பட்டவர்களின் கைவேலைக்கு, அவர்கள் திரும்பிப் போக முடியாத அதே இந்தியாவில் கிடைத்த பாராட்டு அது.

செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் எழுந்ததே. 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1861இல் முதல் வழிபாடு நடந்தது. உள்ளே தூண்களுக்கும் சுவர்களுக்கும் பூசப்பட்டது ‘மதராஸ் சுண்ணாம்பு’. சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் வெல்லச் சர்க்கரையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டு அரைத்த காரை அது. காய்ந்த பின் வழுவழுப்பான கல்லால் தேய்த்தால் பளிங்குபோல் மின்னும். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் புதிதல்ல. 1867 முதல் 1869 வரை கட்டப்பட்ட இஸ்தானாவிலும் கைதிகளின் உழைப்பு உண்டு.

1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் லண்டனின் நேரடி ஆட்சிக்குள் வந்ததும் கைதிகள் வருகை நின்றது. 1873இல் கைதிகள் சிறை மூடப்பட்டது. தண்டனை முடிந்தவர்களில் பலர் இங்கேயே தங்கி, மணம் முடித்து, நகர மக்களோடு கலந்தனர். ‘கைதி வம்சம்’ என்று சொல்லிக்கொள்ள எந்தக் குடும்பமும் விரும்பாததில் வியப்பில்லை. அதனால் வீட்டுக் கதைகளிலும் அவர்கள் இல்லை. அக்கால அறிக்கைகளில் அவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள். செங்கல்லின் மேல் காரை பூசப்பட்டதுபோல் அவர்களின் மேலும் ஒரு பூச்சு ஏறிவிட்டது.

மங்கும் மண்தான்

நகரத் தமிழருக்குச் செங்கல் என்றால், தோட்டத் தமிழருக்கு மங்கு. ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டும் கோப்பையைத்தான் தோட்டப்புறத்தில் மங்கு என்பார்கள். மலாய்ச் சொல்லான ‘மங்கோக்’ தமிழர் வாயில் அப்படியானது.

ஜூரோங்கில் லோரோங் தாவாஸ் பகுதியில் இன்றும் நிற்கும் தோ குவாங் டிராகன் சூளை 1940இல் கட்டப்பட்டது. மலைச்சரிவில் நீண்டு படுத்திருக்கும் இத்தகைய விறகுச் சூளைகளில் சீனக் குயவர்கள் முன்பு பெருமளவில் செய்தது இந்தப் பால் கோப்பைகளையே. சீனர் சுட்ட மண்ணை விடியற்காலை இருட்டில் தமிழர் மரத்தில் கட்டினர். அந்தக் கோப்பையில் நிறைந்த பால் மலாயாவின், சிங்கப்பூரின் செல்வமாயிற்று.

மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்த்து அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் தடுத்தது. அதன் பிறகும் நாகப்பட்டினத்திலிருந்தும் மதராஸிலிருந்தும் ‘ரஜூலா’ கப்பலில் வந்தவர்கள் ஏராளம். அக்கப்பல் 1973 வரை ஓடியது. அந்தப் பயணத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள்.

ஓடு உருவாகும் விதம்

நினைவு ஓட்டுக்கு முதல் வேலை மண்ணைப் பிசைவது. காற்றுக் குமிழி உள்ளே தங்கி, அதில் ஈரமும் இருந்தால் சூளையில் வெடிக்கக்கூடும். பிசைந்த மண்ணைச் சட்டத்துக்குள் ஒரே கனத்தில் பலகையாக்குவார்கள். தோல்போல் இறுகும் பதத்தில்தான் சிற்பி செதுக்கத் தொடங்குவார். ஈரம் அதிகமானால் உருவம் நிற்காது, காய்ந்துவிட்டால் உதிரும்.

பிறகு மெதுவாக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டால் ஓரங்கள் முதலில் காய்ந்து மேலே வளையும். உலர்ந்து சுட்டு முடியும்போது ஓடு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் ஒரு சாண் ஓடு வேண்டுமென்றால் ஒரு சாணுக்கு மேலாகவே வெட்ட வேண்டும்.

முதல் சூடு சுமார் 1,000 டிகிரி செல்சியஸ். அதன்மேல் மெருகுக் கலவை பூசி மறுபடி சுடுவார்கள். கோபால்ட் நீலத்தையும், செம்பு பச்சையையும், இரும்பு பழுப்பையும் தரும். சிங்கப்பூர் மழைக்கும் வெயிலுக்கும் தாங்க வேண்டிய ஓட்டை 1,200 டிகிரிக்கு மேல் சுடுவது நல்லது. அந்தச் சூட்டில் மண் கல்போல் இறுகும், நீரை உறிஞ்சாது. குறைந்த சூட்டில் சுட்ட ஓடு ஈரம் குடித்துப் பாசி பிடிக்கும்.

தமிழ் எழுத்து பொறிக்கும்போது இன்னொரு சிக்கல் உண்டு. மெருகு உருகி ஓடும்போது சிறு பள்ளங்களை நிரப்பிவிடும். முதலில் காணாமல் போவது புள்ளி. ‘கண்ணன்’ என்ற பெயரில் இரண்டு புள்ளிகள் மறைந்தால் அது ‘கணணன’ ஆகிவிடும். ஓலைச்சுவடிகளில் புள்ளி இல்லாமல் எழுதியதைப் படிக்கப் பழகியவர்கள் அன்று இருந்தனர். இன்று சுவரைக் கடந்து செல்பவருக்கு அது புரியாது. எனவே எழுத்தைப் பெரிதாகவும் ஆழமாகவும் வெட்டி, அந்த இடத்தில் மெருகைத் துடைத்துவிட வேண்டும். தமிழ் அறிந்த ஒருவர் சூளைக்குப் போவதற்கு முன்பே சரிபார்ப்பது அவசியம். சுட்ட பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த வழியில்லை.

நகரில் காணக் கிடைப்பவை

1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் உட்சுவர்களில் பெரிய ஓட்டுச் சித்திரங்கள் உள்ளன. நெல் நடவு, ரப்பர் பால் வெட்டுதல், ஈயச் சுரங்கம், கொப்பரை, கப்பல், மாட்டு வண்டி என மலாயாவின் உழைப்பு அவற்றில் காட்சியாகிறது. முகப்பில் உள்ள நான்கு பளிங்கு உருவங்கள் வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில்துறை ஆகியவற்றைக் குறிக்கின்றன. 2011இல் ரயில் சேவை நின்றது. கட்டடம் தேசிய நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. ஆயினும் அது உழைப்பை ஒரு காட்சியாகக் காட்டும் கலை. மரம் வெட்டும் உருவம் இருக்கிறது. அவர் எந்த ஊர், எந்தத் தோட்டம் என்பது இல்லை.

டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் டெலியா, மிலெங்கோ பிர்வாச்கி இணையரின் ‘இன்டர்சேஞ்ச்’ என்ற படைப்பு, வண்ண ஓட்டுத் துண்டுகள் பதித்த 14 தூண்களாக நிற்கிறது. அவர்களே ஐரோப்பாவிலிருந்து 1990களில் இங்குக் குடியேறியவர்கள். இடத்தின் பெயரோ, அருகே ஓடிய ஓடையில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளர்களால் வந்தது. ‘டோபி காட்’ என்றால் வண்ணார் துறை. அந்த ஓடை இன்று ஸ்டாம்ஃபர்ட் கால்வாயாகிவிட்டது. தினமும் அங்கு ரயில் மாறுபவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரின் பொருளை அறிவார்கள்?

லிட்டில் இந்தியா நிலையத்திலும் இந்தியப் பண்பாட்டு அடையாளங்களைக் கொண்டு எஸ். சந்திரசேகரன் உருவாக்கிய ‘மெமாயர்ஸ் ஆஃப் தி பாஸ்ட்’ படைப்பு உள்ளது. சமூகத்தின் வரலாற்றை விரிவாகப் பார்க்க விரும்புவோர் கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்திற்குச் செல்லலாம்.

பெயர் எழுதிய சுவர்கள்

ஓட்டில் சாதாரண மனிதர்களின் பெயரை எழுதலாம் என்பதற்கு லண்டனில் முன்மாதிரி இருக்கிறது. ஓவியரும் சிற்பியுமான ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸின் முயற்சியால் 1900இல் ‘போஸ்ட்மேன்ஸ் பார்க்’ பூங்காவில் ஒரு நினைவுச் சுவர் திறக்கப்பட்டது. பிறரைக் காப்பாற்றும் முயற்சியில் உயிர்விட்ட தொழிலாளர்கள், பணிப்பெண்கள், சிறுவர்கள் ஆகியோரின் பெயரும் அவர்கள் செய்த செயலும் மெருகிட்ட ஓடுகளில் எழுதப்பட்டுள்ளன. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் படிக்க முடிகிறது.

2014இல் லண்டன் கோபுரத்தின் அகழியில் பால் கம்மின்ஸ் என்ற கலைஞர் 888,246 சுட்டமண் செந்நிறப் பூக்களை நிரப்பினார். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்காகவும் அதன் குடியேற்ற நாடுகளுக்காகவும் உயிர்விட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு பூ. பெயர் இல்லாவிட்டாலும் ஒவ்வொருவரையும் தனித்தனியாக எண்ணலாம் என்பதை அது காட்டியது.

நம்மவர்களுக்கு நெருக்கமான சான்று மொரிஷியஸ். 1834 முதல் ஏறத்தாழ அரை மில்லியன் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்திறங்கிய போர்ட் லூயிஸ் துறையில் உள்ள ‘ஆப்ரவாசி காட்’ 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமை இடமானது. வந்தவர்களின் பெயரும் எண்ணும் ஊரும் பதிவேடுகளில் காக்கப்படுகின்றன. பேரப்பிள்ளைகள் அங்கே சென்று தங்கள் பாட்டனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

யாருடைய பெயர்?

தமிழரின் நடுகல் மரபு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. ஆநிரை மீட்டு இறந்தவனுக்குக் கல் நட்டபோது, அதில் அவன் பெயரையும் செயலையும் பொறித்தார்கள். அவன் அரசனாக இருக்க வேண்டியதில்லை. ஊருக்காக ஒன்று செய்திருந்தால் போதும். யார், என்ன செய்தார், எங்கே என்ற மூன்று விவரங்கள் இருந்தால் எந்த நினைவு ஓடும் நடுகல்லின் வேலையைச் செய்துவிடும்.

உண்மையும் காக்கப்பட வேண்டும். சிங்கப்பூரைக் கட்டிய கைதிகள் தமிழர்கள் மட்டுமல்லர். வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. அவர்கள் விரும்பி வந்தவர்களும் அல்லர். ‘முன்னோடிகள்’ என்று மட்டும் எழுதிவிட்டால் விலங்கு மறைந்துவிடும். ‘கைதிகள்’ என்று மட்டும் எழுதினால் அவர்கள் கைத்திறன் மறைந்துவிடும். இரண்டையும் எழுதும் ஓடுதான் நேர்மையான ஓடு.

2025உடன் அந்த முதல் 80 பேர் வந்திறங்கி 200 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. அவர்களில் பலரின் பெயரை மீட்பது ஆய்வாளர்களின் நீண்ட பணி. ஆனால் கடந்த நூற்றாண்டில் வந்தவர்களின் பெயரை மீட்க ஆவணக் காப்பகம் வரை போக வேண்டியதில்லை. பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கப்பல், எந்தத் தோட்டத்தில் மங்கு கட்டினார், எந்தக் கட்டடத்தில் கல் சுமந்தார் என்பதை இன்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது. பழைய கடப்பிதழிலும், கடிதத்திலும், புகைப்படத்தின் பின்பக்கத்திலும் பாதி விடை எழுதப்பட்டிருக்கும்.

களிமண்ணுக்கும் சூளைக்கும் குறைவில்லை. செதுக்கக் கலைஞர்களும் உண்டு. ஓட்டில் எழுத வேண்டிய பெயரைத்தான் ஒவ்வொரு குடும்பமும் முதலில் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும்.